முன்பல்லுக்கு ஒரு கடிதம்

தக்கலை,
புரட்டாசி, விடாத மழை

அன்புள்ள முன்பல்லுக்கு,

பெயரைச் சொல்லாமல் இப்படி ஆரம்பிக்கிறானே என்று நினைக்காதே. தம்பி மகளின் கல்யாண வீட்டில் மூன்று நாள் கிடந்ததில் உன் பழைய பெயர்தான் எனக்கு விரலில் ஒட்டிக்கொண்டது. காது கேளாத என் தம்பி கை பாஷையில் உனக்கு வைத்தது: சுட்டுவிரலை மடக்கி முன்பல்லில் இரண்டு தட்டு. எனக்கு நெற்றித் தழும்பு, பத்மநாபபுரம் கோட்டைச் சுவரிலிருந்து விழுந்த வகையில். ஐம்பது வருஷமாகியும் அவன் எதையும் மாற்றவில்லை.

நீ வராததில் அவனுக்கு வருத்தம்தான். முட்டியில் ஆபரேஷன் என்று சொல்ல, நான் முட்டியைத் தொட்டுக் கத்தியால் அறுப்பது போலக் காட்டினேன். காலையே எடுத்துவிட்டார்களா என்று பதறிப் போனான். என் கை பாஷை இன்னும் அந்த லட்சணத்தில்தான் இருக்கிறது. கடைசியில் அவன் மகள் வந்து சரியாகச் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தான். நீ அனுப்பிய பணம் வந்தது. சீக்கிரம் நடக்கப் பழகு. பிசியோதெரபிக்குப் போகாமல் ஏமாற்றுகிறாய் என்று உன் வீட்டம்மா போனில் சொன்னாள்.

சரி, கல்யாணம். மாப்பிள்ளை மார்த்தாண்டம் பக்கம், தேனீப்பெட்டி வைத்திருக்கும் குடும்பம். காது நன்றாகக் கேட்கிற பையன், மாமனார் மாமியாரிடம் பேசுவதற்காக ஆறு மாதமாகக் கை பழகுகிறான். வேகம் போதாது, ஆனால் என்னைவிட மேல். மகளைப் பற்றி உனக்குத் தெரியும். பேச்சு வருவதற்கு முன்பே கை வந்த பிள்ளை. நாலு வயதில் ரேஷன் கடையில் அப்பாவுக்காகச் சண்டை போட்டவள்.

காது கேளாதோர் பள்ளியில் தம்பியோடு படித்தவர்கள் நாற்பது பேராவது வந்திருந்தார்கள். குளச்சல், கருங்கல், ஆரல்வாய்மொழி, மலை தாண்டி வள்ளியூரிலிருந்தும். மண்டபத்தில் வரிசையாகப் போட்டிருந்த நாற்காலிகளை வந்த ஐந்தாவது நிமிஷம் வட்டமாக்கிவிட்டார்கள். முதுகைப் பார்த்துக்கொண்டு அவர்கள் எப்படிப் பேசுவது? மண்டபத்துக்காரர் முறுக்கிக்கொண்டு வந்தார், நான்தான் சமாதானம் சொல்லி அனுப்பினேன். நாதஸ்வரக்காரர்கள் வாசித்த சத்தத்தில் நாமெல்லாம் காதோடு காதாகக் கத்திக்கொண்டிருக்க, அவர்கள் மண்டபத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நிம்மதியாகக் குடும்ப விஷயம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த டீச்சர் வந்தார். நீ இருக்கிறாரா என்று கேட்டிருந்தாயே, இருக்கிறார். 82 வயது. நாகர்கோவிலிலிருந்து அண்ணன் மகளோடு காரில் வந்து இறங்கியதும் நாற்பது பேரும் எழுந்தார்கள். எல்லார் கையிலும் ஒரே அசைவு: இரண்டு விரலால் மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளுவது. அதுதான் அவருடைய பெயர். ஐம்பத்தைந்து வயது ஆட்கள் ஒவ்வொருவராகக் குனிந்து, முகத்தை வெளிச்சத்தில் காட்டி, தன் பெயரைக் கையால் சொன்னார்கள். காதில் கம்மல், கன்னத்தில் குழி, உதறும் பேனா... அவர் ஒன்றையும் மறக்கவில்லை. ஒருத்தியை மட்டும் கூர்ந்து பார்த்து, ‘வயிற்றுவலி’ என்று கையால் சொல்ல, அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். பரீட்சை அன்றெல்லாம் வயிற்றுவலி வரும் பிள்ளையாம்.

முந்தின நாள் ராத்திரி ஒரு காரியம் நடந்தது, அதைச் சொல்ல வேண்டும். சாப்பாட்டுப் பந்தி ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. ஜெனரேட்டர் பையனைக் காணோம். நம் பக்கத்துப் பேச்சு ஒரு நொடி நின்று, அப்புறம் இருட்டில் இரண்டு மடங்காக எழுந்தது. அவர்கள் பக்கம்தான் நாற்பது பேரின் பேச்சும் பாதி வாக்கியத்தில் அறுந்துவிட்டது. இருட்டு அவர்களுக்கு வாயைப் பொத்துவது மாதிரி என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது, அறுபத்திரண்டு வயதில், சொந்தத் தம்பியை வைத்துக்கொண்டு. முதல் டார்ச்சை எடுத்தது டீச்சர். கைப்பையிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்து, எதிரே இருந்தவளின் கைகளில் வெளிச்சத்தை அடித்து, ‘ம், சொல்லு’ என்று தலையை ஆட்டினார். அப்புறம் மொபைல் வெளிச்சங்கள் ஒவ்வொன்றாக வந்தன. கரண்ட் வரும்வரை ஒருவர் டார்ச் அடிக்க ஒருவர் பேசினார். விடுதியில் இருந்த காலத்திலிருந்தே டீச்சர் பையில் டார்ச் இல்லாமல் வெளியே போனதில்லையாம்.

தாலி கட்டும்போது தம்பி தவிலுக்குப் பக்கத்துத் தூணில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றான். கெட்டிமேளம் அவனுக்குத் தூண் வழியாக வந்தது. அவன் கூட்டாளிகள் எண்பது கைகளைத் தூக்கி விரல்களை உதறினார்கள், கைதட்டுவதற்கு அவர்கள் செய்வது அதுதான்.

இனி நீ எதிர்பார்க்காத விஷயத்துக்கு வருகிறேன்.

1978 ஐப்பசியில் என் அப்பா இறந்தபோது நீ எங்கள் முற்றத்தில் நின்றாய். பதினோரு வயதுத் தம்பியை விடுதிப் பள்ளியிலிருந்து டீச்சர்தான் இரண்டு பஸ் மாறிக் கூட்டிக்கொண்டு வந்தார். அவன் வாசல் நடையில் கால் வைத்தான், அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தான், ஒரு சத்தம் போட்டான். சிரித்துக்கொண்டே ஓடிப்போய் அம்மாவின் மடியில் விழுந்தான். வீடே உறைந்து நின்றது. “பொட்டனுக்கு என்ன தெரியும்” என்றாள் பெரியம்மா. காது கேளாதவனுக்கும் புத்தி இல்லாதவனுக்கும் நம் ஊரில் ஒரே சொல்தானே. அன்று ராத்திரி குளத்துப் படிக்கட்டில் நீ கேட்டாய்: “அவன் ஏம்லே சிரிச்சான்?” நான் உன்னை அடிக்க வந்தேன். ஞாபகம் இருக்கும்.

அதற்குப் பிறகு நாம் அதைப் பேசவே இல்லை. அவனிடம் கேட்கிற அளவுக்கு அப்போது எனக்குக் கை தெரியாது. கொஞ்சம் தெரிந்த பிறகு தைரியம் வரவில்லை. கல்யாணத்துக்கு மறுநாள் டீச்சர் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டே, நான் கேட்காமலே சொன்னார். “அன்னைக்கு நான் செய்த தப்பு உங்களுக்குத் தெரியுமா?” என்று ஆரம்பித்தார்.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். சென்னையில் பயிற்சி முடித்து 1966-ல் வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்கு 23 வயது. பள்ளியின் பெயர் வேண்டாம், உனக்குத் தெரியும். (நம் பக்கத்தில் மூத்தது பாளையங்கோட்டையில் ஃப்ளோரன்ஸ் ஸ்வைன்சன் என்ற வெள்ளைக்கார அம்மையார் 1890களில் தொடங்கியது. தம்பி படித்தது அதில் இல்லை.) தம்பியின் பள்ளியில் வாய்ப்பேச்சு முறைதான். பிள்ளை டீச்சரின் உதட்டைப் பார்க்க வேண்டும், தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். நெஞ்சில் பட்டை போட்டுக் கட்டிய பெரிய காது மிஷின், அதற்கு வயர். காலையில் வந்ததும் டீச்சர் ஒவ்வொரு மிஷினுக்கும் பேட்டரி பார்ப்பார். அப்புறம் வாயைக் காகிதத்தால் மறைத்துக்கொண்டு ஆ, ஊ, ஈ, ஷ், ஸ், ம் என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். கேட்டால் பிள்ளை ஒரு புளியங்கொட்டையைக் கிண்ணத்தில் போட வேண்டும். இந்த ஆறும் கேட்டால் பேச்சின் உயரமும் தாழ்வும் ஓரளவு எட்டுகிறது என்று அர்த்தமாம். பாதிப் பிள்ளைகளின் கிண்ணம் காலியாகவே கிடக்கும்.

கையை உபயோகிக்கக் கூடாது. அதுதான் சட்டம். கை தூக்கினால் பிரம்பு. பிள்ளைகள் கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்காரப் பழகியிருந்தார்கள். டீச்சரும் அடித்திருக்கிறார். அதை அவர் மறைக்கவில்லை.

இப்போது நீ ஒரு காரியம் செய். கண்ணாடி முன்னால் போய் நின்று, சத்தம் வராமல் ‘அம்மா’ என்று சொல். அப்புறம் ‘அப்பா’ என்று சொல். பார்த்தாயா? இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கிறது. ம என்றால் மூக்கு அதிரும், ப என்றால் கொஞ்சம் காற்று வெடிக்கும், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. வகுப்பில் பிள்ளையின் விரலை டீச்சரின் மூக்கில் வைத்து ம சொல்லிக் கொடுப்பார்கள், வாய்க்கு முன்னால் காகிதத் துண்டைப் பிடித்து அது ஆடினால் ப. க அடிநாக்கில் பிறக்கிறது, வெளியே தெரியவே தெரியாது. ல, ள, ழ மூன்றும் நாக்கு உள்ளே செய்கிற வேலை. தமிழ் வாத்தியார்களே தடுமாறுகிற ழகரத்தை, காது கேளாத பிள்ளை உதட்டைப் பார்த்துக் கற்க வேண்டும்.

பஸ்ஸில் டீச்சர் தம்பியின் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, நிறுத்தி நிதானமாக, சொல்லிக் கொடுத்த முறைப்படியே சொல்லியிருக்கிறார்: “அப்பா இறந்துவிட்டார்.” ‘இறந்து’ அவனுக்குத் தெரியும், விடுதியில் பூனை செத்தபோது படித்த சொல். அவன் திருப்பிக் கேட்டிருக்கிறான். அவன் கேட்டது ‘அம்மா?’ அவன் வாயில் ம-வும் ப-வும் ஒரே சத்தம்தான். டீச்சர் காதில் அது ‘அப்பா?’ என்று விழுந்தது. ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

இரண்டு பஸ், மூன்று மணி நேரம், அம்மா செத்துப்போய்விட்டாள் என்ற நினைப்போடு அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்திருக்கிறான். கைகளின் மேல் உட்கார்ந்து. வாசலில் வந்து பார்த்தால் அம்மா உயிரோடு இருக்கிறாள்.

“மீசையை ஒரு தடவை முறுக்கிக் காட்டியிருந்தா போதும்,” என்றார் டீச்சர். “இல்லைன்னா மூக்குத்தியைத் தொட்டு, இல்லைன்னு கையாட்டியிருந்தாப் போதும். ரெண்டு செகண்ட். கையைத் தூக்கக் கூடாதுன்னு இருந்துட்டேன்.”

நான் உள்ளே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். தம்பி முற்றத்தில் வாடகைப் பாத்திரங்களை எண்ணிக்கொண்டிருந்தான்.

டீச்சர் அன்று வாசலில் நின்று அவன் சிரித்ததையும் பார்த்தார், அடுத்த நிமிஷம் அப்பாவைப் பார்த்ததையும் பார்த்தார். திரும்பிப் போனதும் அவர் செய்தது என்ன தெரியுமா? ராத்திரி விடுதி வராந்தாவில் போய் உட்கார்ந்தார். பகலில் கையை ஒளித்த பிள்ளைகள் ராத்திரி விளக்கடியில் கையால்தான் உலகத்தையே பேசிக்கொண்டிருந்தார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மூத்த பிள்ளைகளிடமிருந்து இளைய பிள்ளைகளுக்கு, வருஷா வருஷம் இறங்கி வந்த மொழி. டீச்சரைக் கண்டதும் கைகள் எல்லாம் பின்னால் போயின. அவர்கள் திரும்பக் கையை எடுக்க எட்டு நாள் ஆனதாம். எட்டாம் நாள் அவரே முதலில் மீசையை முறுக்கிக் காட்டி, ‘இது அப்பா, சரியா?’ என்று கேட்டிருக்கிறார். தம்பிதான் ‘சரி’ என்றானாம்.

அந்த நோட்டுப் புத்தகங்களைக் கொண்டு வந்திருந்தார். நாற்பது பக்க நோட்டு, பதினேழு. குச்சி மனிதர்கள், அம்புக்குறிகள். மரச்சீனி, சாளை, தேங்காய் துருவுவது, கடல், வார்டன், பொய். பொய்க்கு மூன்று விதம் இருந்தது, ஏனென்று கேட்டேன். “பிள்ளைகள் மூணு விதமாப் பொய் சொல்லும்,” என்றார்.

வகுப்பில் வாயும் கையும் சேர்த்துச் சொல்லத் தொடங்கினார். மேலிடத்துக்குப் பிடிக்கவில்லை, மெமோ வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு நடத்தினார். வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டால் தரையில் காலால் இரண்டு தட்டு, நாற்பது கையும் தொடைக்குக் கீழே. வழக்கமாகப் பிள்ளைகள்தான் வாத்தியார் வருகிறாரா என்று காவல் நிற்கும். அங்கே காது உள்ளவர் ஒரே ஒருவர், அதனால் டீச்சரே காவல். இதைச் சொல்லும்போது சின்னப் பெண்ணாகச் சிரித்தார்.

கை வந்த பிறகுதான் தமிழ் வந்தது என்கிறார். அதற்கு முன் ‘நான் கடை போ மிட்டாய்’ என்று எழுதின பிள்ளைகள். ஐ, ஆல், கு என்று உருபுகளை அட்டையில் எழுதி வைத்துக்கொண்டு இரண்டு பையன்களை எழுப்புவார். இவன் அவனை அடிக்கிறான். இவன் அவனுக்குக் கொடுக்கிறான். கையால் கதையைச் சொல்லிவிட்டு அட்டையைச் சரியான இடத்தில் செருக வேண்டும். தம்பி பிற்பாடு நாகர்கோவிலில் அச்சுக்கோப்பு வேலைக்குப் போனானே, மிஷின் சத்தம் அவனுக்கு ஒரு பொருட்டில்லை என்பது ஒரு பக்கம். தலைகீழ் எழுத்திலும் மற்றவர்கள் விட்ட ஒற்றுப்பிழையைக் கண்டுபிடிப்பான் என்று முதலாளி சொன்னது இந்த அட்டைகளால்தான். ஈய எழுத்து போய்க் கம்ப்யூட்டர் வந்தபோதும் அவன் வேலை போகவில்லை.

பிரம்பு எங்கே வெட்டப்பட்டது என்று டீச்சருக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்ததாம். 1880-ல் இத்தாலியின் மிலான் நகரத்தில் ஒரு மாநாடு. 164 பேர் கூடி, காது கேளாத பிள்ளைகளுக்கு வாய்ப்பேச்சுதான் உயர்ந்தது, சைகை வேண்டாம் என்று தீர்மானம் போட்டார்கள். அந்த 164 பேரில் காது கேளாதவர் ஒருவர்தான். டெலிபோன் புகழ் கிரஹாம் பெல்லும் வாய்ப்பேச்சுக் கட்சிதான். இத்தனைக்கும் அவருடைய அம்மாவுக்கும் மனைவிக்கும் காது கேட்காது. 1960-ல் அமெரிக்காவில் ஸ்டோக்கி என்பவர், சைகைக்கும் மற்ற மொழிகளைப் போலவே அமைப்பு உண்டு என்று எழுதிக் காட்டினார். அது டீச்சர் வேலைக்குச் சேர்வதற்கு ஆறு வருஷம் முன்னால். செய்தி மட்டும் நம் ஊர் வந்து சேரவில்லை. 2010-ல் கனடாவின் வான்கூவரில் கூடியவர்கள் மிலான் தீர்மானங்களைத் தள்ளி வருத்தம் தெரிவித்தார்கள். பழைய மாணவன் ஒருவன் அந்தச் செய்தியை அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தானாம்.

“நூத்தி முப்பது வருஷம் ஆயிருக்கு அவங்களுக்கு,” என்றார் டீச்சர். “நான் அதுக்கு முன்னாலேயே மன்னிப்புக் கேட்டுட்டேன். எழுபத்தெட்டிலேயே. காதைப் பிடிச்சுக்கிட்டு வகுப்பு முன்னால நின்னேன். பிள்ளைகளுக்குப் பயங்கரச் சிரிப்பு.”

அவருக்குப் பிடித்த கதை ஒன்று உண்டு. 1816-ல் பிரான்சிலிருந்து அமெரிக்காவுக்கு ஒரு கப்பல். அதில் காது கேளாத ஆசிரியர் லோரான் கிளேர், கூடவே காது கேட்கும் அமெரிக்கர் காலடெட். 52 நாள் பயணம். காலடெட் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தார், கிளேர் சைகை சொல்லிக் கொடுத்தார். மறு வருஷம் ஹார்ட்ஃபோர்டில் பள்ளி தொடங்கிவிட்டார்கள். “அவருக்குக் கப்பல், எனக்கு வராந்தா,” என்றார். ஒருவர் இன்னொருவரிடம் மாணவராக உட்கார்ந்த கதை என்பதால்தான் பிடிக்கிறது என்று எனக்குப் படுகிறது. அவர் அப்படிச் சொல்லவில்லை.

நீ அவரைப் பேச்சுக்கு எதிரி என்று நினைத்துவிடாதே. நானும் கோபத்தில் அப்படித்தான் பேசினேன், டீச்சர் விடவில்லை. வாய் வேண்டாம் என்று ஒருநாளும் சொல்லவில்லை, வாய் மட்டும் போதும் என்பதுதான் தப்பு என்றார். தம்பி இன்றைக்கும் கடையில் ‘சாயா’ என்று கேட்டு வாங்குகிறானே, அதுவும் அவர் சொல்லிக் கொடுத்ததுதான். எங்கள் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி, ஆபரேஷன் செய்து காதுக்குள் பொருத்துவது, வைத்திருக்கிறார்கள். ஆறு வயதுக்குள் செய்ய வேண்டும் என்று ஓடிப் பிடித்தார்கள். டீச்சர் அந்தத் தாயை அழைத்து ஒரு மணி நேரம் பேசினார். ஆபரேஷன் முடிந்தால் வேலை முடிந்தது என்று நினைக்காதே, கேட்கப் பழகுவதே வருஷக் கணக்கான வேலை, அதுவரைக்கும் கையையும் கட்டிவிடாதே என்றார். அந்தப் பெண் எவ்வளவு கேட்டுக்கொண்டாள் என்று தெரியவில்லை. கை பழகினால் பேச்சு வராது என்று யாரோ அவளுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். இந்தப் பேச்சு மட்டும் இன்னும் சாகவில்லை.

2001-ல் ஓய்வு பெற்ற பிறகும் அவர் சும்மா இருக்கவில்லை. பேங்க், போலீஸ் ஸ்டேஷன், பிரசவ வார்டு என்று எங்கே பழைய பிள்ளைகளுக்குப் பேச்சு முட்டுகிறதோ அங்கே பஸ் ஏறிப் போய் நின்றார். தம்பி கல்யாணத்தில் ரிஜிஸ்டர் ஆபீசில் மொழி பெயர்த்ததும் அவர்தான். இப்போது வீடியோ காலில் வேலை நடக்கிறது. கல்யாணப் பெண் டெல்லியிலுள்ள சைகை மொழி மையத்துக்காரர்கள் போட்டிருக்கும் சைகை அகராதியை போனில் காட்டினாள். 2018-ல் 3,000 சொல்லோடு வந்தது, 2021-ல் 10,000 ஆகிவிட்டது. டீச்சர் முதலில் தேடச் சொன்ன சொல் எது என்று நீயே ஊகித்திருப்பாய். அங்கேயும் மீசைதான். கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, இன்னொரு தடவை ஓட்டிக் காட்டச் சொன்னார்.

அவர் கிளம்பின பிறகு அன்று ராத்திரி தம்பியிடம் போய் உட்கார்ந்தேன். பஸ், ஜன்னல், அம்மா என்று என் ஓட்டைக் கையால் கேட்டேன். அவனுக்கு உடனே புரிந்தது. ஞாபகம் இருக்கிறது என்றான். அந்த மூன்று மணி நேரமும் என்ன நினைத்தாய் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்: இனி எனக்கு யார் தலை சீவி விடுவார்கள் என்று நினைத்தேன். அப்புறம் என் முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டு, மீதி அடப்பிரதமன் கெட்டுப்போகும், குடிச்சுத் தீர்க்கலாம் வா என்று இழுத்துக்கொண்டு போனான். பப்படத்தையும் மட்டிப் பழத்தையும் பிசைந்து, வலது கை இலையில் இருக்க, இடது கையாலேயே பேசிக்கொண்டிருந்தான். பந்தியில் அவர்கள் எல்லாருமே இடக்கைப் பேச்சுதான். எனக்கு அதுவும் வராது.

உனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். நீ கேட்டது நியாயமான கேள்வி, நான்தான் அடிக்க வந்தேன்.

மழை விட்டால் ஒரு குலை மட்டி அனுப்புகிறேன், பழுக்க வைத்துச் சாப்பிடு. கால் சரியானதும் ரயிலேறி வா, நாகர்கோவில் ஸ்டேஷனுக்கு நானும் அவனும் வருகிறோம். உன் வீட்டம்மா அனுப்பிய போட்டோவைத் தம்பியிடம் காட்டினேன். பல்செட் கட்டியிருக்கிறாயாமே. பார்த்துவிட்டுப் பெரிய சந்தேகம் அவனுக்கு: பல்லே மாறிவிட்டது, பெயரை மாற்ற வேண்டாமா என்று. விஷயம் வீடியோ காலில் டீச்சர் வரைக்கும் போனது. பழைய பெயரே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

இப்படிக்கு,
நெற்றித் தழும்பு